ஹவால் கேட்ட விருந்தாளி

வின்னிபெக்
ஜனவரி 14, 2018

அன்புள்ள பானடி அக்காவுக்கு,

சஞ்சர் எழுதுகிறேன். போனை ஒட்டுக்கேட்பார்கள் என்று நீ கட்டளை போட்டபடி ‘நலமா, நலம்’ என்பதற்கு மேல் நான் வாயைத் திறப்பதில்லை. இந்தக் கடிதமும் வழக்கம்போல மஸ்கட்டில் இருக்கிற நம் சித்தப்பா மகன் கைக்குப் போய், அங்கிருந்து கராச்சிக்குக் கிளம்பும் யாராவது ஒரு புண்ணியவான் பெட்டிக்குள் துணியோடு துணியாக லியாரிக்கு வந்து சேரும். நடுவில் எத்தனை பேர் கையில் கசங்குமோ தெரியாது.

ஒரு நல்ல சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். நம் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறான்!

நீ சிரிப்பாய். இந்த ஊரில் இருந்துபார், தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் ‘எப்படி இருக்கே’ என்று கேட்பான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வான். இங்கே கேள்வி கேட்பது பதிலுக்காக இல்லை. டயர் கடையில் என்னோடு வேலை பார்ப்பவர்களும் அப்படித்தான். நான் ஒருவனுக்கு, எங்கே கிளம்பினேன், வழியில் என்ன பார்த்தேன், என்ன கேட்டேன் என்று முறையாக ஹவால் சொல்லி, அவன் ஹவாலை முறையாகக் கேட்டு வருஷக்கணக்கு ஆகிவிட்டது. ஸர்ஜானிடம்தான் சொல்லவேண்டும். ஒரே வீட்டுக்குள் இருக்கிற பெண்டாட்டியிடம் என்ன ஹவால்? ‘சமையலறையில் இருந்து கிளம்பி வந்தேன், வழியில் நாற்காலியைப் பார்த்தேன்’ என்பாள் அவள்.

போன வெள்ளிக்கிழமை கடையில் இருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஒருவன், மீசையெல்லாம் பனி. நம் பேச்சில் சலாம் சொன்னான் அக்கா! நிஹிங் ஆற்றங்கரைக்காரன், ரஹம்தில் என்று பெயர். அகதி மனு போட்டுவிட்டு டொராண்டோவில் இருந்தானாம், அங்கே இடம் ஒத்துவரவில்லையாம். இந்த ஊர் மசூதியில் யாரோ ‘சஞ்சர்னு ஒரு பலோச் இருக்காரு’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பேரீச்சம்பழம் வைத்தோம். அப்புறம் ஆரம்பித்தது பார்.

“நீங்க ஹவால் கேளுங்க அண்ணே.”

“நீ தூரத்துல இருந்து வந்தவன், நீயே ஆரம்பி.”

“வீட்டுக்காரர் இருக்கும்போது நான் எப்படி? நீங்க பெரியவரு.”

“என்னைக் கிழவன்னு சொல்றியா?”

இப்படி நாங்கள் மரியாதைச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஸர்ஜான், “யாராவது ஒருத்தர் ஆரம்பிங்க, டீ ஆறிப்போச்சு” என்றாள். கடைசியில் நான்தான் கேட்டேன். அவன் குரலை இறக்கி, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, ஊரில் கிளம்பிய நாளில் இருந்து என் வாசல் வரைக்கும் சொன்னான். எந்த ஓடையில் தண்ணீர் வந்தது, யார் வீட்டுப் பேரீச்சை காய்க்கவில்லை, யார் செத்தார், யாரைப் பட்டாளத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், ஒன்றையும் விடவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அப்புறம் அவன் என்னைக் கேட்டான். நான் சொன்னேன். எல்லாவற்றையும். நம் தம்பி நோதானைப் பற்றியும்தான். வாத்தியார் வேலையை விட்டுத் தலைமறைவாகி, லியாரியில் உன் நிழலில் இருப்பதையும், மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஃபாக்டரியில் கட்டி உடைப்பதாக நீ எழுதியதையும் சொன்னேன். நடுவில் ஸர்ஜான் என் கோப்பையில் மறுபடி மறுபடி டீ ஊற்றினாள். நிறுத்து என்று அர்த்தம். நான் நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் வந்து கேட்ட பலோச்சுக்கு ஹவாலில் ஒளித்தால் நான் என்ன மனுஷன்? அப்பா இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பார்.

ரஹம்தில் கொஞ்ச நாள் இங்கேதான் இருப்பான். கீழ் அறையைக் கொடுத்திருக்கிறேன். தம்பியை நான் விசாரித்ததாகச் சொல்.

சஞ்சர்


லியாரி
பிப்ரவரி 10, 2018

சஞ்சர்,

பனியில் மூளையும் உறைந்து போய்விட்டதா உனக்கு?

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அவர்கள் வந்துவிட்டார்கள். ஐஸ் ஃபாக்டரிக்கு. முகத்தில் துணி, வண்டியில் நம்பர் கிடையாது. பட்டப்பகலில், லோடு ஏறிக்கொண்டிருக்கும்போது வந்திருக்கிறார்கள். நோதான் அன்றைக்கு விரலில் ஐஸ்கட்டி விழுந்து நசுங்கி, நான் வேலை பார்க்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கட்டுப் போட வந்திருந்தான். நர்ஸம்மா, ‘பிரசவத்துக்கு வந்தவனா இவன்’ என்று கேலி பண்ணிக்கொண்டே கட்டினாள். அந்த விரல் நசுங்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் உனக்கு வேறு கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்.

அதைவிடப் பெரிய விஷயம் கேள். அங்கே அவன் பெயர் குலாம். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தான். வந்தவர்கள் கேட்டது என்ன தெரியுமா? “அந்த வாத்தியார் எங்கடா?” ஃபாக்டரியில் ஒருத்தருக்கும் புரியவில்லை. ‘இங்க ஏது சார் வாத்தியாரு’ என்று விழித்திருக்கிறார்கள். மேஸ்திரியை அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். நோதான் இங்கே இருப்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். என் வாயில் இருந்து போகவில்லை. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

அவன் செய்த குற்றம் என்ன? வகுப்பில் பெயர் கூப்பிடும்போது, தூக்கிக்கொண்டு போன பையன்களின் பெயரையும் விடாமல் கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டுப் பதில் வருகிற மாதிரி கொஞ்ச நேரம் நிற்பான். அதுக்கே அவனைத் தேடுகிறார்கள். பிடித்தால் என்ன செய்வார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யார் அந்த ரஹம்தில்? யார் மகன், எந்த வீடு, யாருக்கு மருமகன்? இதையெல்லாம் விசாரிக்காமல் தண்ணீர் கொடுத்தாய், பேரீச்சை கொடுத்தாய், கூடவே தம்பியையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டாய். நோதான் இப்போது எங்கே என்று என்னைக் கேட்காதே. சொல்ல மாட்டேன்.

பானடி


வின்னிபெக்
மார்ச் 4, 2018

அக்கா,

உன் கடிதத்தை ஸர்ஜான்தான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டியவள் எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அது திட்டுவதைவிட மோசம்.

தம்பி தப்பித்தானே, அல்லாவுக்கு நன்றி. ஆனால் நீ நினைப்பது நியாயமில்லை. துறைமுகத்தில் ஆயிரம் கண்கள் இருக்கும். ஊர்க்காரன் ஒருவன் அவனை அடையாளம் கண்டிருக்கலாம். பூமிக்கு மறுகோடியில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒருவனிடம் நான் பேசியது லியாரிக்கு எப்படி வரும்?

ரஹம்தில் யார் மகன் என்று கேட்டாயே. நிஹிங் கரையில் மோட்டார் ரிப்பேர் பார்த்த ஹைபத்தான் மகன். அப்பாவின் கிணற்று மோட்டாரைச் சரி பண்ண வருவாரே, அவர். நல்ல குடும்பம். இவன் நான் எழுந்திருப்பதற்கு முன்னால் வாசல் பனியைத் தள்ளிவிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரன் வாசலையும் சேர்த்துத் தள்ளுகிறான், அந்த முசுடு நேற்று கேக் கொண்டுவந்து கொடுத்தான். ஸர்ஜானை ‘அண்ணி’ என்று கூப்பிட்டு அவள் கை மீன்சோற்றை இரண்டு தட்டு சாப்பிடுகிறான். தம்பிக்கு வந்த ஆபத்தைச் சொன்னபோது அவன் முகம் வெளுத்துவிட்டது. அழுதான் அக்கா. நடிக்கிறவன் அப்படி அழமாட்டான்.

ஸர்ஜானுக்கும் உன் சந்தேகம் தொற்றிக்கொண்டது. “ஒவ்வொரு தடவை நீங்க ஹவால் சொல்லி முடிச்சதும் அந்தப் பையன் வெளியே போறான், கவனிச்சீங்களா?” என்கிறாள். சிகரெட் பிடிக்கப் போகிறான் என்றேன். “அவன் மேல சிகரெட் வாசனையே வரலையே” என்கிறாள். மூக்குப் பெரிய பெண்டாட்டியைக் கட்டினால் இப்படித்தான்.

நீ தம்பி இருக்கும் இடத்தைச் சொல்லாமல் விட்டது எனக்கு வலிக்கிறது. அவனுக்கு நானும் அண்ணன்தான். நாளைக்கு ஒருவன் என்னைக் கேட்டால், என் சொந்தத் தம்பி எங்கே என்று எனக்கே தெரியாது என்றா சொல்வேன்?

சஞ்சர்


லியாரி
மார்ச் 28, 2018

அன்புள்ள தம்பி சஞ்சர்,

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். கோபத்தில் அக்காவுக்கு நாக்கு நீளும் என்று உனக்குத் தெரியாதா? மனதில் வைத்துக்கொள்ளாதே.

நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு நீயும் அண்ணன்தான். அப்பா போன பிறகு பெரிய ஆண்பிள்ளை நீ. உனக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிவது முறையில்லை.

அவனை மலீர் பக்கம் அனுப்பிவிட்டேன். ஆற்றுக்கு வடகரையில் ஒரு பழைய கொய்யாத் தோட்டம், நடுவில் ஒரு மோட்டார் கொட்டகை. மோட்டார் ஓடி ரொம்ப நாளாகிறது, யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கேதான் படுத்துக்கொள்கிறான். சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். விரல் ஆறிவருகிறது.

உன் விருந்தாளியை நான் விசாரித்ததாகச் சொல். ஹைபத்தான் மகன் என்றால் நம் மனுஷன்தானே. கேட்டால் ஒளிக்காதே. நீதான் ஒளிக்கத் தெரியாதவன் ஆயிற்றே.

ஸர்ஜானுக்கு என் அன்பு. குளிரில் ஜாக்கிரதை.

அக்கா பானடி


வின்னிபெக்
ஏப்ரல் 18, 2018

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. நீ இவ்வளவு இனிப்பாகப் பேசி நான் கேட்டதேயில்லை, உடம்பு சரியில்லையோ என்று ஸர்ஜான் கேட்கிறாள்.

கடிதம் வந்த அன்றைக்கே ரஹம்தில் கேட்டான், “அண்ணே, ஊர்ச் சேதி வந்திருக்கு போல, ஹவால் சொல்லுங்க.” சொன்னேன். தம்பி பத்திரமாக இருக்கிறான் என்றதும் அவன் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு, “ஆத்துக்கு இந்தக் கரையா, அந்தக் கரையா?” என்று கேட்டான். வடகரை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டான்.

எழுதிக்கொண்டு வரும்போது எனக்கே என்னவோபோல் இருக்கிறது. விருந்தாளி கரையைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் இரண்டாம் தடவை ஏன் கேட்டான்?

அப்புறம் கோட்டுகூடப் போடாமல் வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனி உருகித் தெருவெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் செருப்போடு நின்றுகொண்டு போனைக் காதில் வைத்திருந்தான். கொஞ்சம் பேசினான், அப்புறம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றான். திரும்பி வந்தவனுக்கு ஸர்ஜான் சோறு போட்டாள். பிசைந்தான், சாப்பிடவில்லை.

ஒன்றும் இருக்காது. நீ இரண்டு வரி எழுதிப் போடு, மனசு சரியாகிவிடும்.

சஞ்சர்


லியாரி
மே 9, 2018

சஞ்சர்,

உட்கார்ந்து படி. ஸர்ஜானையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

மலீர் கொட்டகை பொய். நோதான் அங்கே ஒருநாளும் கால் வைத்ததில்லை. அந்த இனிப்புக் கடிதம் முழுக்கப் பொய். உன் வீட்டுக் கூடத்தில் பேசியது இங்கே வருகிறதா இல்லையா என்று பார்க்கத்தான் எழுதினேன். உலகத்தில் வேறு ஒருவருக்கும் அந்தக் கொட்டகையைப் பற்றி நான் சொல்லவில்லை.

வந்தார்கள். ஏப்ரல் கடைசியில், காலையில், தோட்டத்தில் பறவை விரட்டும் நேரத்தில். அதே நம்பர் இல்லாத வண்டி. நேராகக் கொட்டகைக்குப் போயிருக்கிறார்கள், வழிகூடக் கேட்கவில்லை.

அந்தக் கொட்டகை காலி என்று நினைத்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அங்கே இவ்வளவு காலமாக ஒரு நாய்கூடப் படுத்ததில்லை. இந்த வருஷம் கொய்யா நன்றாகக் காய்த்திருக்கிறதாம், தோட்டத்துக்காரர் புதிதாகக் காவலுக்கு ஒருவரை வைத்திருக்கிறார். பீர்பக்ஷ் என்று பெயர். அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ‘நான் வாத்தியார் இல்லீங்க, நான் காவக்காரன்’ என்று கத்தியிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

அவர் பெண்டாட்டி அவர் புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன மற்றவர்களின் வீட்டுப் பெண்களோடு நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து பார்த்தேன். அந்தப் படத்தில் இருப்பது கல்யாணத்தில் எடுத்த முகம், தலைப்பாகையோடு. அடுத்த நாள் இறங்கி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “உங்க வீட்ல யாரைக்கா தூக்கிட்டுப் போனாங்க?” என்று கேட்டாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

என்னால் போனவர் அவர். உன் வாயும் சேர்ந்துதான், ஆனால் அந்தக் கொட்டகையை எழுதிய கை என்னுடையது.

நோதானுக்கு இது தெரியாது. தெரியவே கூடாது. அவன் புத்தி எனக்குத் தெரியும்.

அந்த ஹைபத்தான் மகனை இன்றைக்கே வாசலுக்கு வெளியே தள்ளு. நீ தள்ளவில்லை என்றால் நீ எனக்குத் தம்பி இல்லை.

பானடி


வின்னிபெக்
ஜூன் 2, 2018

அக்கா,

என்னைத் தம்பி இல்லை என்று நீ சொல்லப்போகிறாய். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஸர்ஜான் சமையலறைக் கத்தியை எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினாள். அவனுக்குப் பயந்து இல்லை, எனக்குப் பயந்து. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கூடத்தில் கம்பளத்தை விரித்து, ரஹம்தில்லைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் வைத்தேன். முதல் நாள் போலவே.

“ஹவால் சொல்லு” என்றேன்.

“ஒரே வீட்ல இருக்கோம், என்ன அண்ணே புதுசா...”

“இங்க கேட்டுட்டு வெளியே போறியே, அங்க இருந்து இப்ப வந்திருக்கே. அந்த ஹவால் சொல்லு.”

அவன் ஸர்ஜானைப் பார்த்தான். அவள் டீ ஊற்றவில்லை. பிறகு கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, குரலை இறக்கி, முறையாகவே ஆரம்பித்தான். நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

“டொராண்டோல இருக்கும்போது போன் வந்துச்சு அண்ணே. என் தம்பி வாஹித் குரல். கடைக்குப் போனவனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, செத்துட்டான்னு அம்மா ஃபாத்திஹா ஓதிட்டா. அவன் பேசறான், ‘லாலா, நல்லா இருக்கேன்’னு. அப்புறம் இன்னொரு ஆளு வாங்கிப் பேசினான். ‘வின்னிபெக்ல சஞ்சர்னு ஒருத்தன் இருக்கான், அவன் வீட்டுக்கு விருந்தாளியாப் போ. நீ கேக்காமலே அவனா எல்லாம் சொல்லுவான், உங்க வழக்கம்தானே அது’ன்னான். சேதி குடுத்தா வாஹித் பேசுவான். சேதி இல்லாத நாள்ல அவன் கத்துறதை மட்டும் கேக்க விடுவாங்க.”

அவ்வளவுதான் அவன் ஹவால். நம் வழக்கத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான் எவனோ ஒருவன், அக்கா.

நான் எழுந்தேன். கதவைத் திறந்து வெளியே போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் கவிழ்ந்து விழுந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். “நான் உங்க பாஹோட் அண்ணே” என்றான்.

உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அடைக்கலம் என்று அந்தச் சொல்லைச் சொல்லிவிட்ட பிறகு என் உயிர் இருக்கும்வரை அவனை யாரும் தொட முடியாது; நானும் தொட முடியாது. நம் தாத்தா தன் சொந்த மகனைக் கொன்றவனுக்குச் சோறு போட்டு வைத்திருந்தார் என்று நீதானே எனக்குச் சொன்னாய்?

ஸர்ஜான் கத்தினாள். “அவன் நுனியைப் பிடிச்சா நீங்க கட்டுப்படணும். நோதான் யாரு நுனியைப் பிடிப்பான்?” சாயங்காலம் அவளே அவனுக்குச் சோறு போட்டாள். தட்டைத் தரையில் வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

இப்போது அவன் போனை அணைத்து வைத்துவிட்டான். அணைத்ததில் இருந்து தெருமுனையில் ஒரு கார் எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கிறது. யாரோ பெண்டாட்டிக்குக் காத்திருக்கலாம், இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். ஆனால் தினமும் அதே கார். போலீஸில் சொல்லலாம் என்கிறாள் ஸர்ஜான். ‘சொன்னா வாஹித்தை என்ன பண்ணுவாங்கன்னு தெரியாது அண்ணி’ என்று இவன் அழுகிறான்.

தம்பிக்குப் பீர்பக்ஷ் விஷயத்தைச் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சஞ்சர்


லியாரி
ஜூன் 24, 2018

சஞ்சர்,

சொல்லிவிட்டேன்.

நீ கேட்டுக்கொண்ட கடிதம் வந்து என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் சொன்னேன்.

நோதான் போன செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் வந்தான். நான் அவனை இத்தனை நாள் என் ஆஸ்பத்திரியில் பிரசவத் துணி துவைக்கும் கிழவியின் வீட்டில் வைத்திருந்தேன். இனி ஒளித்து என்ன பிரயோஜனம், எழுதுகிறேன். மீன் பொரித்துக்கொண்டிருந்தேன், பின்வாசல் வழியாக உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தான். தாடி வளர்ந்து அப்பாவைப் போலவே இருந்தான்.

“சாப்பிடு முதல்ல, சூடா இருக்கு” என்றேன்.

“ஹவால் சொல்லுக்கா முதல்ல.”

“என்னடா பெரிய ஹவால்? நானும் லியாரி, நீயும் லியாரி.”

“மலீர்ல யாரையோ என் பேர் சொல்லித் தூக்கிட்டுப் போனாங்களாமே. துவைக்கப் போற இடத்துல பேசிக்கிட்டாங்கன்னு கிழவி சொல்லுது. நீ சொல்லு.”

எழுந்து அடுப்பை அணைத்தேன். உப்பு எடுக்கப் போனேன். தண்ணீர் கொண்டுவந்தேன். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு முறைப்படி, அந்நிய வீட்டுக்கு வந்தவன் கேட்பதுபோல, தலையைக் குனிந்து கேட்டான். “பானடி, ஹவால் சொல்லு.” அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

உன்னை என்னவெல்லாம் திட்டினேன், சஞ்சர். ஒருவன் வந்து உட்கார்ந்து கேட்டால் வாயை மூடிக்கொள்ளத் தெரியாதா என்று. எனக்கும் தெரியவில்லை. காகிதத்தில் அவ்வளவு அழகாகப் பொய் எழுதிய எனக்கு, எதிரே உட்கார்ந்து அவன் கேட்டதும் முடியவில்லை. உன் கடிதத்தில் இருந்து, நான் எழுதிய கொட்டகையில் இருந்து, நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். ரஹம்தில்லின் தம்பியைப் பற்றியும் சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அவனைக் கட்டிப் போட்டிருப்பேன். “அந்த மனுஷனுக்குப் பிள்ளைங்க இருக்கா?” என்று மட்டும் கேட்டான். மூன்று பெண்கள் என்றேன். மீனைச் சாப்பிட்டான். முள்ளை ஒதுக்கி ஒதுக்கி, நிதானமாக. கை கழுவினான். போய்விட்டான். கிழவி வீட்டுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

மறுநாள் காலையில் பீர்பக்ஷின் பெண்டாட்டியிடம் போயிருக்கிறான். “உங்க வீட்டுக்காரரைத் தேடி வரல, என்னைத்தான் தேடி வந்தாங்க. வாங்க, நான் சொல்லி அவரைக் கூட்டிட்டு வந்துடறேன்” என்று அவளையும் அழைத்துக்கொண்டு, தூக்கிக்கொண்டு போனவர்களை அடைத்துவைப்பதாகச் சொல்வார்களே, ஊருக்கு வெளியே அந்த உயர மதில் கட்டடம், அங்கே போயிருக்கிறான். அந்தப் பெண் என் வீட்டைத் தேடிவந்து சொன்னாள். வாசலில் நின்றவர்களிடம் தன் முழுப்பெயரையும், அப்பா பெயரையும், பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னானாம். பிறகு இவளைப் பார்த்து, “இங்கேயே இருங்க, வந்துடுவாரு” என்றானாம். கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டார்கள்.

அவள் சாயங்காலம் வரை அந்த மதில் ஓரத்தில் நின்றிருக்கிறாள். கடைசியில் ஒருவன் வந்து, “இங்கே யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லை, வீட்டுக்குப் போம்மா” என்று விரட்டியிருக்கிறான். பீர்பக்ஷை விடவில்லை. நோதானும் வரவில்லை. அவள் என் கூடத்தில் உட்கார்ந்து, என்னைத் திட்டாமல், “உங்க தம்பி ரொம்ப நல்லவருக்கா” என்று சொல்லி அழுதாள். அந்தக் கொட்டகையை எழுதியது நான்தான் என்று அவளுக்கு நோதான் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் ஹவால் கேட்கவில்லை.

இன்றோடு நாலு நாள் ஆகிவிட்டது. நானும் இப்போது ஒரு படத்தோடு அவள் பக்கத்தில் உட்காருகிறேன். யாரைக் கேட்டாலும் அப்படி ஓர் ஆள் இல்லை என்கிறார்கள்.

ஸர்ஜானிடம் சொல், அவள் மூக்கு பெரியது இல்லை, நம் இருவருக்கும்தான் கண் இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். ரஹம்தில்லை வெளியே தள்ளாதே. நான் தள்ளச் சொன்னேன், அதை மறந்துவிடு. அவனை நன்றாகச் சாப்பிட வை. போனைத் திறந்து வைக்கச் சொல். உள்ளே இருந்து ஒரு குரல் வெளியே வருகிறதென்றால், இந்த உலகத்தில் அவன் போன் ஒன்றில்தான் வருகிறது. அடுத்த தடவை அவன் தம்பியைப் பேசவிடும்போது, பயப்படாமல் ஒன்றே ஒன்று கேட்கச் சொல்: நோதான் என்று ஒரு வாத்தியாரை அங்கே கொண்டுவந்தார்களா, நடக்கிறானா.

சும்மா சொல்ல மாட்டார்கள். பதிலுக்குச் சேதி கேட்பார்கள். யாரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எனக்கு எழுது.

நான் விசாரித்து வைக்கிறேன்.

பானடி